தற்செயலுக்கான ஏற்பாடுகள்

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கு மிகவும் கௌரவமான வழி, பார்க்காததுபோல் இருப்பதுதான். இரண்டு குடும்பத்தார் ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே பூசைக்கு, ஒரே கோயிலுக்குத் தற்செயலாக வருவார்கள். தற்செயலாக ஒரே வீதியைச் சுற்றுவார்கள். ஒருவரை ஒருவர் கண்டு வியப்பார்கள். பிடித்துக்கொண்டால் பிறகு பேச்சு நடக்கும். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்க வரவில்லை, ஆகவே யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மாவட்டச் செயலகம் என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் நாங்கள் கச்சேரி என்றே சொல்லும் அலுவலகத்தில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. இவ்வளவு கச்சிதமான நடைமுறையை எந்தச் சுற்றறிக்கையிலும் நான் கண்டதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. அதனால் மேன்முறையீடும் இல்லை.

இந்த நடைமுறைக்கு நான் வந்து சேர்ந்ததற்குக் காரணம் என் மகள். எங்களுக்கு ஒரே பிள்ளை, முப்பத்தெட்டு வயது, நகரப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறாள். அதுவரை எல்லாம் வீட்டில்தான் நடந்தது. வருகிறவர்கள் ஹோலில் கதிரையில் இருப்பார்கள். ரோல்ஸும் வடையும் சாப்பிடுவார்கள். மகள் தேநீர்த் தட்டோடு வருவாள். சம்பளம் எவ்வளவு, இடமாற்றம் எடுக்கலாமா, வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று கேட்பார்கள். பிறகு சொல்கிறோம் என்று விட்டுப் போவார்கள். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை.

ஒரு பின்னேரம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அப்பா, இன்னும் ஒருக்கா. அவ்வளவுதான். அதுவும் ஹோலுக்குள்ள தட்டோட வந்து நிக்கமாட்டன். ஒரு முழு நாள் வெளியில எங்கையாவது போவம். அவர் என்னோட நடக்கட்டும், கதைக்கட்டும். சரிவராட்டி இந்தக் கதை இந்த வீட்டில முடிஞ்சுது."

கணித ஆசிரியை. முடிந்தது என்றால் முடிந்ததுதான். என் மனைவி குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்தாள். நான் வேறு விதமாக வளர்ந்தவன்; உடனே ஏற்பாடுகளைத் தொடங்கினேன்.

என்னோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் மட்டக்களப்பில் இருக்கிறார். ஓய்வூதியத்தோடு கலியாணம் பேசும் தொழிலையும் இடையிடையே செய்பவர். அவர் ஒரு நீர்ப்பாசனப் பொறியியலாளரைச் சொன்னார். தகப்பன் இல்லை, தாய் மட்டும். சாதகம் நன்றாகப் பொருந்தியது. படமும் வந்தது, பட்டமளிப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக எடுத்த பழைய படம். அந்தத் தொப்பியின் கீழ் என்னை நிறுத்தியிருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருப்பேன்.

ஏற்பாடு இதுதான். ஆவணி மாத வெள்ளிக்கிழமை, பாடசாலை விடுமுறைக் காலம். தாயும் மகனும் பஸ்ஸில் வந்து, மத்தியானப் பூசை முடிந்ததும் கோணேசர் கோயிலில் இராவணன் வெட்டடியில் நிற்பார்கள். நாங்களும் அங்கே போவோம். எங்களிடம் கரையோரம் பார்க்க வாடகைக்குப் பிடித்த வான் ஒன்று இருக்கும், அதில் இடமும் இருக்கும். வாருங்களேன் என்போம். பிறகு நிலாவெளி, குச்சவெளி, திரியாய்; திரும்பும்போது கன்னியா வெந்நீர்க் கிணறுகள். முன்பு அமைச்சர்மார் வந்தால் செய்த வேலையை இப்போது குடும்பத்துக்குச் செய்கிறேன். பூமாலை மட்டும்தான் இல்லை. மனைவிக்கும் மகளுக்கும் ஒரு கட்டளை போட்டேன்: வேலை, சம்பளம், சாதகம், ஒன்றைப் பற்றியும் கதைக்கக் கூடாது. எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் ஏற்கனவே தெரியும். கேட்டால் தற்செயல் கெட்டுப்போகும்.

அன்று வானைக் கோட்டை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். சாரதி கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஐம்பது வயது இருக்கும். ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து நிற்கிறேன் என்றார். கோயிலில் கைத்தொலைபேசியை நிறுத்திவைக்கும்படி அறிவித்தல் பலகை இருக்கிறது. அதற்குக் கீழ்ப்படியும் ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் நான்தான் என்று நினைக்கிறேன். சத்தத்தை அடைத்து, வானின் முன்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனேன்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் ஏறும் வழியில் என் வழக்கமான விரிவுரையை நடத்தினேன். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு கட்டினார்கள். ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்தார்கள். நடுவில் பிரெஞ்சுக்காரர் வந்து போனார்கள். ஆங்கிலேயர் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள். இப்போது இராணுவம் இருக்கிறது. இத்தனை கைமாறலிலும் ஒருவராவது பொருட்களைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டு ஒப்படைத்திருப்பாரா என்பது என் நீண்டகாலச் சந்தேகம். மான்கள் மட்டும் எந்த ஆட்சியையும் கணக்கில் எடுக்காமல் ஆட்களின் பைகளை முகர்ந்துகொண்டு திரிகின்றன. ஒரு மான் மனைவியின் அர்ச்சனைத் தட்டிலிருந்த வெற்றிலையை இழுத்துக்கொண்டது. இது சகுனம் என்றாள் மனைவி. நல்லதா கெட்டதா என்று கேட்டேன். பின்னேரம் சொல்கிறேன் என்றாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. இராவணன் வெட்டு என்பது மலை உச்சியிலிருந்து கடல்வரை பாறை பிளந்திருக்கும் இடம். நோயில் கிடந்த தாய் கும்பிடுவதற்காகக் கோயிலையே பெயர்த்துக்கொண்டு போக வந்த இராவணன் வாளால் வெட்டியது என்பது கதை. அனுமதி எடுக்காமல் செய்த வேலை. அதனால்தான் பாதியில் நின்றுபோனது. பக்கத்து மரத்தில் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் கடற்காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அங்கே ஒரு தாயும் மகனும் நின்றார்கள்.

தாய்க்கு அறுபத்தைந்து வயதிருக்கும், நூல் சேலை, கையில் அர்ச்சனைப் பை. மகனுக்கு நாற்பது மட்டில், வேட்டி, வெறும் மேலில் திருநீறு, நெற்றிக்கு மேலே முடி பின்வாங்கத் தொடங்கியிருந்தது. தொப்பி இல்லாமல் யார்தான் தன் பட்டமளிப்புப் படத்தைப் போல இருக்கிறார்கள்? அந்த அம்மா என் மகளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். உடனே கடலைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கள் ஹோலில் பலமுறை கண்டிருக்கிறேன். சந்தேகமே இல்லை. கிட்டப் போனேன்.

"இண்டைக்கு நல்ல சனம், என்ன?"

"ஓம் ஐயா. வெள்ளிக்கிழமைதானே" என்றார் அந்த அம்மா.

"எங்க இருந்து வாறீங்கள்?"

"மட்டக்களப்புப் பக்கம். சும்மா, சாமி கும்பிட வந்தனாங்கள்."

"நாங்களும் சும்மாதான் வந்தனாங்கள்" என்றேன்.

இரண்டு பேரும் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டோம். என் அனுபவத்தில் இவ்வளவு சுத்தமாக ஆரம்பித்த கூட்டம் வேறில்லை.

அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் உப்புவெளியிலிருந்து வடக்கே வளைந்து போகும் வெள்ளைக் கரை. பாறையில் பழைய தூண் ஒன்று நிற்கிறது. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் மகள், தன்னை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போன காதலனைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்திலிருந்து கடலில் பாய்ந்தாள் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். நானும் சொன்னேன். பழக்கதோஷத்தில், பழைய பதிவுகளைப் பார்த்தால் அந்தப் பெண் பிறகு வேறொருவரைக் கட்டி வாழ்ந்ததாகத்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்தேன்.

"அப்ப ஆர் ஐயா பாய்ஞ்சது?" என்று கேட்டார் அந்தத் தாயின் மகன்.

என் மகள் சிரித்துவிட்டாள். பார்க்க வந்த ஒருவருக்கு முன்னால் அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். இருவரும் கம்பி வேலியோரமாகத் தள்ளிப் போய் நின்று கதைத்தார்கள். முதலில் ஏதோ வழக்கு விசாரிப்பதுபோல மாறி மாறிக் கேட்டார்கள். பிறகு இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். நான் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். ஒழுங்கான ஏற்பாடு என்றால் இப்படித்தான்.

வானில் இடம் இருக்கிறது, கரையோரமாக ஒரு சுற்றுப் போகிறோம், வாருங்கள் என்றேன். அந்த அம்மா ஒருமுறை மறுத்து, இரண்டாவது முறை சம்மதித்தார். அதுவும் முறைப்படிதான்.

வடக்கே போகும் வீதியில் வலப்பக்கம் கடல் தெரிவதும் மறைவதுமாக வரும். இடப்பக்கம் பனைகளும், பிறகு களப்பின் உப்புநீர்ப் பரப்பும். நிலாவெளி உல்லாச விடுதிகளின் மதில்களைத் தாண்டினால் புறாமலைத் தீவு கடலில் மிதப்பதுபோல் தெரியும். நான் முன்னால் சாரதியின் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றையும் அறிமுகப்படுத்திக்கொண்டு வந்தேன். பின்னால் அந்த அம்மா என் மனைவிக்கு முறுக்குக் கொடுத்தார். கடைசி இருக்கையில் இரண்டு பேரும் ஓயாமல் கதைத்தார்கள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை.

இறக்கக்கண்டிப் பாலத்தில், களப்பு கடலோடு சேரும் இடத்தில், அந்த அம்மாவின் மகன் சாரதியிடம் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொன்னார். கட்டிக் கிடந்த படகுகளைச் சன்னலால் எட்டிப் பார்த்து, எந்தப் படகின் எஞ்சினை உப்பு அரித்திருக்கும் என்று என் மகளுக்குக் காட்டினார். களத்தில் இறங்கி வேலை செய்யும் பொறியியலாளர், என்று எண்ணிக்கொண்டேன். இறங்கித் தண்ணீர் பார்க்க நின்ற இடத்தில் மனைவி என் காதருகே வந்தாள்.

"அவற்ற நகத்தைப் பாத்தீங்களே? ஒரே கறுப்பு."

"அணைக்கட்டில நிக்கிற ஆளுக்கு நகம் வெள்ளையா இருக்குமோ?" என்றேன்.

வான் மறுபடி புறப்பட்டதும் சாரதி என்னிடம் இவர்கள் உங்கள் சொந்தமா என்று விசாரித்தார். இல்லை, கோயிலில் தற்செயலாகச் சந்தித்தோம் என்றேன். அவர் கண்ணாடியால் பின்னிருக்கையைப் பார்த்தார். நல்ல தற்செயல் சேர், என்றார்.

குச்சவெளியில் கரும்பாறை ஒன்று கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன்மேல் பழைய கட்டடங்களின் அடிக்கற்கள். கீழே மரநிழலில் பாய் விரித்தோம். மனைவி விடியவே எழும்பிக் கட்டிய வாழையிலைப் பார்சல்கள்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மோர்மிளகாய். அந்த அம்மா கத்தரிக்காயைப் பாராட்டினார். மனைவி இன்னும் கொஞ்சம் வைத்தாள். இளையவர்கள் இரண்டு பேரும் வேகமாகச் சாப்பிட்டுவிட்டுப் பாறையைப் பார்க்கப் போனார்கள். காற்று நன்றாக வீசியது. வாழ்க்கையில் சில கோப்புகள் தாமாகவே முடிவுக்கு வரும் என்று நினைத்தபடி காலை நீட்டினேன்.

அப்போது சாரதி வந்தார். "சேர், உங்கட போன் பெட்டிக்குள்ள மின்னிக்கொண்டே இரிக்கி."

எடுத்துப் பார்த்தேன். மட்டக்களப்பு நண்பர் ஓயாமல் அழைத்திருந்தார். தள்ளிப் போய் அழைத்தேன்.

"எங்க நிக்கிறீங்கள்?" என்றார் நண்பர். "பஸ் வழியில ரயர் காத்துப் போய் அவை பிந்திப்போச்சினம். வெட்டடியில வெயிலுக்குள்ள நிண்டு பாத்திட்டு இப்ப கன்னியாவுக்குப் போயிட்டினம்."

"ஆர் போனது?"

"மாப்பிள்ளையும் தாயும்தான். வேற ஆர்?"

நான் திரும்பிப் பார்த்தேன். பாயில் ஒரு தாய் இருந்து என் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர் அனுபவசாலி. ஒன்றும் கெட்டுப்போகவில்லை, பின்னேரம் கன்னியாவுக்கு வாருங்கள், அங்கேயும் தற்செயலாகச் சந்திக்கலாம் என்றார். பிறகு எடுக்கிறேன் என்று தொலைபேசியை வைத்தேன். தற்செயலாகச் சந்திக்க வேண்டியவர்களை விட்டுவிட்டு, உண்மையிலேயே தற்செயலாக யாரையோ சந்தித்து, வானில் ஏற்றி, மாவட்டத்தின் பாதியைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். நீங்கள் யார் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கக் கூடாது என்று விதி செய்தவனும் நானே.

மனைவியை வானுக்குப் பின்னால் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் கேட்டது, "அப்ப இந்தப் பெடியன்ர சாதகக் குறிப்பை நாங்கள் பாக்கவே இல்லையா?" என்பதுதான். அடுத்தது, "பிள்ளைக்கு என்ன சொல்லப் போறீங்கள்?" இது கடைசி என்று சொன்ன பிள்ளை. பிழை என்று சொன்னால், இன்றைய நாள் முடிந்தது, கணக்குச் சரி என்று விட்டுவிடுவாள். கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், ஒரே நாளில் இரண்டு பேருக்குக் காட்டினீர்கள் என்பாள். அதுவும் சரிதான்.

நாங்கள் திரும்பி வரும்போது அந்த அம்மாவும் ஒரு மரத்தடியில் நின்று யாருடனோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு வந்தவர் பாயில் இருக்கவில்லை. முகம் வேறாக இருந்தது. தன் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, நாங்கள் இஞ்சால பஸ் எடுத்துப் போறம். உங்களுக்கும் அலுவல் இருக்கும்."

அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பாருங்கள், இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அலுவல் ஒன்றுமில்லை, திரியாய் பார்க்கவில்லையே என்றேன். பரவாயில்லை, இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். பஸ் எப்போது வருமோ தெரியாது என்றேன். வரும்வரை நிற்கிறோம் என்றார். மரியாதை தெரிந்த இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் அதிலிருந்து வெளியேற வழியே கிடையாது. பிள்ளைகளைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாறைக்கு நடந்தேன்.

அந்த அம்மாவின் மகன் பாறை நுனியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் என்னைக் கண்டு இறங்கி வந்தாள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பிள்ளை, ஒரு பிழை நடந்திட்டுது. இவை அந்த ஆக்கள் இல்லை."

"தெரியும் அப்பா."

"எப்ப தெரியும்?"

"வெட்டடியிலயே. நீர்ப்பாசனத்தில எந்த இடத்தில வேலை எண்டு கேட்டன். தான் படகு எஞ்சின் திருத்திற ஆள், வாழைச்சேனையில கடை எண்டார். பிறகு, நீங்கள் நிலாவெளிப் பிள்ளைதானே எண்டு என்னைக் கேட்டார்."

"அதுக்குத்தான் அந்தச் சிரிப்பா?"

"வேற என்ன செய்யிறது?"

"ஏன் எங்களிட்டச் சொல்லேல்ல?"

"அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

என் விதியை முதலில் மீறியவளும், பிறகு எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவளும் அவள்தான். அவள் பாறையில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அலை வந்து கீழே கற்களுக்கிடையில் நுரைத்துப் போனது.

"அப்பா, என்னைப் பாக்க வந்த ஆள் இல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் கதைக்கத் தொடங்கினன். அவரும் அப்பிடித்தான். ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்க வரேல்ல எண்டா எவ்வளவு லேசாக் கதைக்கலாம் தெரியுமே?"

மற்றவர்கள் கன்னியாவில் காத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் கடலைப் பார்த்தாள்.

"அவையைச் சும்மா நிக்க வைக்காதேங்கோ. என்னால வர ஏலாது. நான் திரியாய் மலை பாத்ததே இல்லை. அங்க போவம்."

முடிந்தது என்று சொல்ல அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, அதைச் சொல்லவில்லை. சொல்லப்படாத விஷயங்களை வாசிப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

நண்பரை அழைத்தேன். கன்னியாவுக்கு வரமாட்டோம், அவர்களிடம் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். சுகமில்லை என்று சொல்லவா, வான் பழுது என்று சொல்லவா என்று கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள், பிழை எங்களுடையது, மன்னிக்கச் சொல்லுங்கள் என்றேன். உள்ளதையா என்று அவர் திருப்பிக் கேட்டார். எங்கள் துறையில் இதற்கு முன்னுதாரணம் இல்லை.

பையோடு நின்ற அந்த அம்மாவிடம் அவருடைய மகனே போய்ப் பேசினார். என்ன சொன்னாரோ, அம்மா வானில் ஏறினார். ஆனால் இந்த முறை முறுக்குப் பை திறக்கப்படவில்லை.

திரியாய் கிராமத்தைத் தாண்டி உள்ளே போனால் காட்டுக்குள் அந்த மலை. மேலே பழைய விகாரையின் வட்டமான கட்டடமும் கற்றூண்களும் இருக்கின்றன. கடல் கடந்து வந்த இரண்டு வணிகர்கள் புத்தரின் கேசம் வைத்த பேழையை அந்தப் பாறையில் இறக்கி வைத்தார்களாம். இளைப்பாறிவிட்டுத் தூக்கப் பார்த்தபோது பேழை அசையவில்லையாம். அதனால் அங்கேயே கோயில் எழும்பியது. இளையவர்கள் படியேறினார்கள். எங்கள் மூன்று பேரின் முழங்கால்களும் ஒரே முடிவை எடுத்தன. மலையடியில் ஒரு மரத்தின் கீழே நீளக் கல்லில் இருந்தோம். சாரதி வானுக்குள் சாய்ந்துகொண்டார்.

நான் எத்தனையோ கூட்டங்களை நடத்தியவன். எப்படித் தொடங்குவது என்று அன்று தெரியவில்லை. இதற்கு நடைமுறை இல்லை. இடையில் நிற்க ஒரு தரகர் இல்லை. பொருந்திய சாதகம் இல்லை. பின்வாங்க ஒரு 'சும்மா' கூட மிச்சம் இல்லை.

"அம்மா," என்றேன், "நாங்கள் இண்டைக்குச் சும்மா வரேல்ல. என்ர மகளை ஒருத்தருக்குக் காட்ட வந்தனாங்கள். அது உங்கட மகன் இல்லை."

அவர் தலையாட்டினார். "தெரியும் ஐயா. நாங்களும் நிலாவெளியில ஒரு பிள்ளையைப் பாக்கத்தான் வந்தனாங்கள். வான் கொண்டு வருவம், ஏத்திக்கொண்டு போவம் எண்டு சொன்னவை. நான் உங்களைத்தான் அவை எண்டு நினைச்சன். அவை காலமையே வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினமாம். எங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லாமப் போச்சு."

என் மனைவி அவருடைய கையைப் பிடித்தாள். நான் குனிந்து நிலத்தைப் பார்த்தேன். எங்கள் ஹோலிலிருந்து எழும்பிப் போனவர்களை இத்தனை காலமும் நான் ஒரு தனிச் சாதி மனிதர்களாக நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இப்ப நேரடியாக் கேக்கிறன்," என்றேன். "என்ர மகளுக்கு முப்பத்தெட்டு. கணிதம் படிப்பிக்கிறா. பிடிவாதம் உண்டு. உங்கட மகனைப் பற்றிச் சொல்லுவீங்களோ?"

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஐயா, நீங்கள் பெரிய உத்தியோகம் பாத்த ஆக்கள். அவன் எஞ்சின் திருத்திறவன். கையில இருக்கிற கறுப்பு எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அதைக் கண்டிட்டுத்தான் முதல் வந்த ரெண்டு இடமும் விட்டது. பிறகு எங்களைக் குறை சொல்லப்படாது."

உண்மையைச் சொல்வதானால், இது ஒரு கோப்பாக என் மேசைக்கு வந்திருந்தால் நான் மரியாதையான ஒரு குறிப்போடு திருப்பி அனுப்பியிருப்பேன். தொழில் என்ற இடத்திலேயே என் பேனா நின்றிருக்கும். ஆனால் கோப்பு வரவில்லை. வந்தது ஒரு மனிதர். என் மகளோடு அரை நாள் கதைத்து இன்னும் கதைத்து முடிக்காத ஒருவர். பாலத்தடியிலேயே அவருடைய நகக் கறுப்பை நானே பெருமையோடு நியாயப்படுத்தியிருக்கிறேன். மனைவியும் அதை நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"குறை சொல்லமாட்டம்," என்றேன்.

மனைவி மகனுடைய நட்சத்திரத்தைக் கேட்டாள். உத்தரட்டாதி என்று வந்தது. அவள் விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள். நானும் அந்த அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு விரல்களைப் பார்த்தோம். கடைசி விரலில் நின்று, மோசமில்லை என்றாள். எங்கள் குடும்பச் சோதிடரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது. அன்றைக்கு அதிகாரம் பெற்ற அதிகாரி அவள்தான்.

"அப்ப ஒண்டு சொல்லுறன்," என்றார் அந்த அம்மா. குரல் இப்போது நிமிர்ந்திருந்தது. "வாற ஞாயிற்றுக்கிழமை வாழைச்சேனைக்கு வாங்கோ. கோயிலுக்கு இல்லை, வீட்டுக்கு. பாக்க வாறம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. நான் அயலுக்கும் சொல்லிவைப்பன்."

அயலுக்குச் சொன்னால் எல்லாம் பதிவாகிவிடும். சரிவராவிட்டால், சரிவரவில்லை என்று இரண்டு ஊருக்கும் தெரியும். தற்செயல் என்று சொல்லி ஒளிந்துகொள்ள இடமிருக்காது. என் மகள் அந்த இடத்தில் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். பிறகு, வருகிறோம் என்றேன்.

படிகளில் இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். அவர் இரண்டு படி கீழே நின்று நின்று வந்தார். மகள் செருப்பைக் கையில் வைத்திருந்தாள். கிட்ட வந்ததும் அந்த அம்மா சுற்றிவளைக்கவில்லை.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை இவை எங்கட வீட்டுக்கு வருகினம். உன்னைப் பாக்க."

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளப் போனவர், யோசித்து, அப்படியே விட்டுவிட்டார். என் மகளின் பக்கம் திரும்பினார். அவள் குனிந்து செருப்பைப் போட்டு, வாரைச் சரிசெய்து, நிமிர்ந்தாள்.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள்.